திரைக்கு முன்னால் எல்லாருக்கும் சுகம்

இப்படிப்பட்ட குறிப்புகளை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தேன். இப்போது மேலே படிக்கக் கிளம்புகிறேன். என் இடத்துக்கு வரும் உங்களுக்காக எதையாவது எழுதி வைத்துவிட்டுப் போகும்படி டாக்டர் சொன்னார். டேப்லெட்டை எந்த வெளிச்சத்தில் வைப்பது, சிக்னல் எல்லை தாண்டித் தமிழ்நாட்டு டவருக்குத் தாவினால் என்ன செய்வது என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். ராஜய்யன் வீட்டில் ஒரு மதியம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். பயிற்சியில் அது வராது.

அதற்கு முன்னால் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. டிமென்ஷியா, அதாவது மறதிநோய் வந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோனால் வழியிலேயே மிரண்டு போகிறார்கள். டாக்டரைப் பார்த்துத் திரும்பி வந்தபின் சொந்த வீடே பிடிபடாமல் பல நாள் தவிப்பார்கள். அதனால் நாம் டாக்டரை டேப்பில், வீடியோ அழைப்பாக, அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோகிறோம். கேரளத்தின் இந்தத் தென்கோடியில், ஒற்றசேகரமங்கலம் மலையோரத்திலிருந்து பூவார் கடலோரம்வரை நம் பைக் போகாத இடைவழி இல்லை. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் தொட்டுப் பார்க்க முடியாது. அந்தச் சின்னச் சட்டத்துக்குள் தெரிவதும் கேட்பதும்தான் அவருக்குக் கிடைப்பவை. மீதிக்குத்தான் நாம் அங்கே இருக்கிறோம்.

ராஜய்யன் வீடு காரக்கோணத்திலிருந்து உள்ளே, ரப்பர் மரங்களைத் தாண்டி, ஒரு இறக்கத்தில் இருக்கிறது. இளமைக்காலம் முழுவதும் கல்ஃபில் கம்பி கட்டும் வேலை பார்த்தவர். ஊருக்கு வந்து கொஞ்ச காலம் நன்றாக இருந்தார். பிறகு மறதி வந்தது. மனைவி சரோஜம், மகள் பிந்து. பிந்துவுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் வேலை. மகளின் பெயர் ராஜய்யனுக்கு மறந்துபோய் நாளாகிவிட்டது. ஆனாலும் சாதுவான மனிதர். தோட்டத்தில் விழும் கமுகம்பாளைகளைப் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார், கலைப்பார், திரும்பவும் அடுக்குவார். மாதாந்திர அழைப்புகளில் அவரைப் பற்றிச் சொல்வதற்கே பெரிதாக ஒன்றும் இருக்காது.

அப்படிப்பட்டவர் திடீரென்று மாறிவிட்டார். உட்கார மாட்டேன் என்கிறார், சத்தம் போடுகிறார், சோற்றுத் தட்டைத் தள்ளுகிறார், பக்கத்தில் போனால் அடிக்கிறார். பிந்து எனக்குப் போன் செய்து அந்த மாத அழைப்பை முன்கூட்டியே வைக்கச் சொன்னார். அன்று மதியம் டாக்டருக்கு இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி கிடைத்தது. டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலிலேயே பிந்து பிடித்துக்கொண்டார்.

“சாரே, இனி முடியாது. ஒரு முதியோர் இல்லத்துல சொல்லி வச்சாச்சு. நாளைக்கு வண்டி வரும். அதுவரைக்கும் அடங்கிக் கெடக்க ஒரு குளிகை எழுதித் தரச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

உள்ளேயிருந்து சரோஜம் கேட்டுக்கொண்டே வந்தார். இடது முழங்கையில் நீலம் பாரித்திருந்தது.

“அப்பனக் கொண்டு தள்ளுகதுக்கு லீவு கிட்டும். பெத்தவளுக்கு ஒரு பனிக்காய்ச்சல் வந்தா லீவு கிட்டாது. நல்ல கடையாக்கும்.”

“நீ அடி வாங்கிட்டே நில்லும்மா. அவரு ஒருநாளு உன்னத் தள்ளிவிட்டு நீ விழுந்து கெடந்தா, நான் யாரப் பாப்பேன்? அவரையா, உன்னையா?”

“நான் விழமாட்டேன்.”

“ஓ, தேக்குத் தடியாக்கும்!”

இரண்டு பேரும் சொன்னதில் தப்பு இல்லை. இந்த வேலையில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அன்று டாக்டர் மயக்கும் மருந்து எழுதினால் ராஜய்யன் அடங்குவார், மறுநாள் அடங்கின நிலையிலேயே இல்லத்துக்குப் போவார். எழுதாவிட்டால் இன்னொரு ராத்திரி இந்தப் பெண்கள் அவரோடு மல்லுக்கட்ட வேண்டும். பிந்துவின் கண்ணைப் பார்த்தால் இன்னொரு ராத்திரிக்கு அங்கே இடமில்லை என்று தெரிந்தது.

ராஜய்யன் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார். வேட்டி முன்பக்கம் நனைந்திருந்தது. சரோஜம் அவரைப் பிடித்து நிறுத்தி, உதறும் கையைச் சமாளித்து, வேறு வேட்டி கட்டி, தேய்த்த சட்டை மாட்டி, தலையும் வாரிவிட்டார்.

“எதுக்கும்மா இதெல்லாம்?” என்றேன்.

“டாக்டர் பாக்குகதில்லியா மக்கா. ஆளு வெடிப்பா, சுத்தமா இருக்கண்டாமா?”

டேப்பை மேசையில் நிறுத்தினேன். டாக்டரின் முகம் வந்தது. அந்தக் கணமே ராஜய்யன் நின்றார். கட்டிலில் உட்கார்ந்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

எங்கேயாவது வலி உண்டா என்று டாக்டர் தன்னுடைய மலையாளத்தில் கேட்டார்: “ராஜய்யன் சேட்டா, எவிடெயெங்கிலும் வேதன உண்டோ?”

“எனக்கு இங்க சுகமாக்கும். ஒண்ணுக்கும் வெசனப்படாண்டாம். அங்க எல்லாருக்கும் சுகம்தானா?”

“சுகம் தன்னே.”

“மழை உண்டா?”

“உண்டு, உண்டு.”

“கூரையில ஒழுகுதா? ஆள வச்சு ஓடு மாத்து. நான் வாறது வரைக்கும் பாத்துட்டு இருக்காத.”

டாக்டர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிந்து நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“பாத்தியளா சாரே! டாக்டரக் கண்டா கல்யாண மாப்பிள்ளையாக்கும். கட் பண்ணிப் பாருங்க, அப்பம் தெரியும் ஆளு யாருண்ணு.”

டாக்டர் கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் எதையும் விடவில்லை. காய்ச்சல் உண்டா? இல்லை. விழுந்தாரா? இல்லை. மலம் சரியாகப் போகிறதா? போகிறது. மூத்திரம்?

“அது போவுது டாக்டரே, நிக்காமப் போவுது. எப்பவும் முண்டு நனஞ்சாக்கும் கெடக்கு,” என்றார் சரோஜம்.

புதிதாக மருந்து ஏதாவது? சளி பிடித்திருந்தது, கடையில் குளிகை வாங்கிக் கொடுத்தோம் என்றார் பிந்து. வலியைப் பற்றி டாக்டர் வேறு வேறு விதமாக ராஜய்யனிடமே கேட்டார். தலையா, பல்லா, வயிறா? ஒவ்வொன்றுக்கும் அதே சிரிப்பு, அதே சுகம். வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாம் என்று நான் கை நீட்டினேன். சிரிப்பு மாறாமலே என் கையை விலக்கி வைத்தார்.

நோய் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். ராத்திரிக்கு மட்டும் ஒரு சின்ன அளவு எழுதுகிறேன், நாளைக்கு எப்படி என்று பார்க்கலாம். திரையின் ஓரத்தில் அடுத்த நோயாளி காத்திருப்பதாகக் குறி மின்னியது. பிந்து மூச்சு விட்டார்.

அப்போது சரோஜம், மகளைப் பார்த்துத்தான், எரிச்சலோடு ஒன்று சொன்னார்.

“மாப்பிள்ளையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. போன்ல அவரு எப்பவும் இப்படித்தானே பிள்ளே. கல்ஃப்ல நிக்கும்போளும் இதே பேச்சாக்கும். எனக்கு சுகம், வெசனப்படாத, மழை உண்டா. கேசட்டு போட்டது கணக்கா.”

நான் திரும்பினேன். “அம்மா, அங்க நிக்கும்போ சுகமில்லண்ணு ஒருநாளும் சொன்னதே இல்லியா?”

“ஒருநாளும் இல்ல. ஒருக்கா லீவுக்கு வந்தப்ப செருப்பக் கழத்துதாரு, காலுல பெருவிரலே இல்ல. கேட்டா, அது பழசாக்கும்ணு சொல்லுதாரு. அதுக்க முந்தின வாரம் வரைக்கும் போன்ல சுகம்தான்.”

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் வெளியூராக இருந்தால், உங்களுக்காகச் சொல்கிறேன். இங்கே யாராவது ஒருவர் கல்ஃபுக்குப் போகாத வீடு குறைவு. போனில் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது இருபக்கமும் எழுதாத சட்டம். தகப்பன் செத்த செய்தியைக்கூட ‘கொஞ்சம் முடியல்ல, லீவு கிட்டுமா பாரு’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் அப்படித்தான். உடைந்த காலோடு படுத்திருப்பவன் சுகம் என்பான். வீட்டில் இருப்பவர்கள் தூர இருந்துகொண்டு என்ன செய்துவிட முடியும்? வெறுமனே தூக்கம்தான் கெடும்.

ராஜய்யனின் மூளையிலிருந்து என்னென்னவோ போய்விட்டது. இந்தக் கடமை மட்டும் போகவில்லை. திரையில் ஒரு முகம் தெரிந்தால் அவர் நோயாளி அல்ல. எங்கோ தூரத்தில் வேலையில் இருக்கிறார், லைனில் வீடு இருக்கிறது. நாங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அவருக்கு வீட்டிலிருந்து வந்த கேள்வி. அப்படியானால் அவர் சொன்ன பதில் எதற்கும் மதிப்பில்லை. வலி இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம் அல்ல. அவர் வலியைச் சொல்லவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

“டாக்டர், மருந்து எழுதுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துரலாம். உங்க வீடியோவையும் மைக்கையும் கொஞ்சம் அணைச்சு வைங்க. நான் டேப்பைத் திருப்பி வைக்கிறேன். நீங்க அவரைப் பாக்கலாம், அவரு உங்களைப் பாக்கக் கூடாது.”

“ஆள் காத்திருக்காங்க.”

“கொஞ்ச நேரம்தான்.”

திரை கறுத்தது. பின்பக்கக் கேமராவுக்கு மாற்றி, டேப்பின் முதுகு கட்டிலைப் பார்க்கும்படி ஒரு செம்பின்மேல் சாய்த்து வைத்தேன். பிறகு சரோஜத்தையும் பிந்துவையும் அடுக்களைப் பக்கம் போகச் சொன்னேன்.

“நான் இல்லாம அவரு ஒருத்தருகிட்டயும் நிக்கமாட்டாரு,” என்றார் சரோஜம்.

“நீங்க வீடாக்கும் அம்மா. வீடு கேட்டுட்டு இருந்தா அவரு சொல்லமாட்டாரு.”

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அடுக்களை வாசலைத் தாண்டிப் போகவில்லை. அங்கேயே நின்றார்.

முகம் மறைந்ததும் ராஜய்யன் எழுந்துவிட்டார். திரும்பவும் நடை, முனகல், வேட்டியை முன்னால் கூட்டிப் பிடித்தபடி. நான் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். கட்டிலின் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். அவரைப் பார்க்காமல் அவர் பார்க்கும் சுவரையே பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை. நீங்கள் சும்மா இருக்கப் பழக வேண்டும். எனக்கு அது சுலபமாக வராது. அன்று எப்படியோ இருந்தேன். டாக்டரின் நேரத்தைத் தின்றுகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு வேறு. கடைசியில் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உறக்கம் வரல்லியா அண்ணே?” என்றேன். என் தாத்தா வயது. ஆனால் கல்ஃப் கேம்பில் ஒரே அறையில் படுக்கிறவன் தாத்தா என்று கூப்பிட மாட்டான்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “எலே மணியா, பையப் பேசு. போன வச்சாச்சா?”

“வச்சாச்சு.”

நான்தான் மணியன் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மறதிநோய்க்காரர்களிடம் இப்படிச் செய்யலாமா கூடாதா என்று புத்தகங்களில் நிறைய வாதம் இருக்கிறது. படியுங்கள், நானும் படித்திருக்கிறேன். அந்தக் கட்டிலில் அதற்கு நேரம் இல்லை.

“எங்க நோவுது?”

என் கையைப் பிடித்துத் தன் தொப்புளுக்குக் கீழே வைத்தார். சற்று முன் என்னை விலக்கிய அதே மனிதர். அந்த இடம் இளநீர்க் காயைப் போல உருண்டு திரண்டு நின்றது. என் விரல் பட்டதும் உடம்பு முழுக்க நடுங்கினார்.

“இங்கயாக்கும். மூத்திரம் முட்டுது மக்கா, வரமாட்டேங்கு. சொட்டு சொட்டாட்டு வருது. உயிரு போவுது.”

“யாருகிட்டயாவது சொன்னியளா?”

“ஃபோர்மேனுக்குத் தெரிஞ்சா ஊருக்கு ஏத்தி விட்டிருவான்.” பிறகு என் மணிக்கட்டை இறுக்கினார். “நீ வீட்டுல சொல்லிராத. அவ உறங்கமாட்டா.”

அடுக்களை வாசலில் சரோஜம் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். பின்னால் பிந்து.

டேப்பிலிருந்து டாக்டரின் குரல் வந்தது. “கேட்டேன். அந்த மருந்து வேண்டாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

குரல் கேட்டதும் ராஜய்யன் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் கையை விட்டுவிட்டு, கறுத்த டேப் முதுகைப் பார்த்துச் சிரித்தார். “சுகம், சுகம். இங்க ஒரு கொழப்பமும் இல்ல.”

டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூத்திரப்பை நிறைந்து அடைத்துவிட்டது. வேட்டி நனைவது நிரம்பி வழிவதால்தான், சரியாகப் போவதால் அல்ல. வயதான ஆண்களுக்குச் சில சளி மாத்திரைகள் இப்படிச் செய்யும். மயக்கும் மருந்து அடைப்பை இன்னும் மோசமாக்கியிருக்கலாம். அதைவிட, அவரை அமைதியாக்கியிருக்கும். அமைதியான மனிதரை யாரும் சோதிக்க மாட்டார்கள்.

ஆட்டோவில் சரோஜமும் நானும் அவரை நடுவில் வைத்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு குழிக்கும் அவர் கத்தினார். சரோஜம் ஆட்டோக்காரரிடம் “கொஞ்சம் மயமா ஓட்டுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்து ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். குழாயில் மாட்டிய பை நிறைய நிறைய அவர் தோள் இறங்கியது. நர்ஸ் ஒட்டுப் போட்டு முடிப்பதற்குள் உறங்கிவிட்டார்.

பின்னாலேயே வந்து சேர்ந்த பிந்து, வராந்தாவில் நின்று இல்லத்துக்காரர்களிடம் பேசினார். “நாளைக்கு வண்டி வேண்டாம்,” என்றார். எதிர்முனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். “இல்ல, வேண்டாம்னு இல்ல. இப்பம் வேண்டாம்.” போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இனி நோவு வந்தா நாங்க எப்படித் தெரிஞ்சுக்குவோம் சாரே? மணியன எங்கண்ணு தேடுகது?”

மணியன் யார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரைச் சரோஜம் கேட்டதே அன்றுதான்.

இதிலிருந்து ஒரு விதி செய்துகொள்ளாதீர்கள். செய்யத் தோன்றும், எனக்கும் தோன்றியது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் டேப்பைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். பூவாரில் ஒரு அம்மா அந்த விதியைத் தலைகீழாக்கினார். வீட்டில் யாரிடமும் வாய் திறக்க மாட்டார். திரையில் டாக்டர் வந்தால் மருமகள் கொடுக்காத மீன் துண்டுவரை எல்லாவற்றையும் கொட்டுவார். தூரத்து ஆளிடம் சொன்னால் பேச்சு ஊருக்குள் வராது என்ற நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் இதைக் கேளுங்கள்: இவர் யாரிடம் மனம்விட்டுப் பேசுவார், யாரிடம் மறைப்பார்? நோயைப் பற்றிய கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகு. திரையில் நல்லபடியாகப் பேசுகிறவரை ‘நல்ல நிலை’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள். மரியாதையும் பாசமும் மறதிக்குப் பிறகும் நெடுநாள் இருக்கின்றன. அவை அறிகுறிகளை மூடிவிடும்.

குழாய் எடுத்த பிறகு மறுபார்வைக்குப் போனேன். டேப்பை மேசையில் நிறுத்தப் போனபோது சரோஜம் என் கையைத் தடுத்து, அதைத் தானே வாங்கித் திருப்பி வைத்தார். “டாக்டரே, நீங்க ஒண்ணும் பேசாண்டாம், கேட்டுட்டு இருந்தா போதும்,” என்றார். பிறகு ராஜய்யனுக்கு எதிரில் நிற்காமல் கட்டிலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தபடி இருந்தார். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைவிட நன்றாக அவருக்கு அது வந்தது.

“எங்கயாவது நோவு உண்டா?” என்றார் மெதுவாக.

ராஜய்யன் இடது முழங்காலைத் தொட்டுக் காட்டினார். டாக்டருக்காக நான் அதைக் குறித்துக்கொண்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் தானாகவே தொடர்ந்தார். கம்பிக்கட்டு காலில் விழுந்தது, விரலை எடுக்கச் சொன்னது, தனியாக ஆஸ்பத்திரியில் கிடந்தது, அங்கிருந்தே போன் செய்து மழை உண்டா என்று கேட்டது. எல்லாம் துண்டு துண்டாக, முன்னும் பின்னுமாக. சரோஜம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவளுக்குத் தெரியுமா?” என்று திடீரென்று பயந்து கேட்டார் ராஜய்யன்.

சரோஜம் அவர் கைமேல் தன் கையை வைத்தார்.

“தெரியாது,” என்றார். “அவ நல்லா உறங்குறா.”